விக்டோரியா தெரு அடுக்குமாடித் திட்ட எதிர்ப்பு (சிட்னி)

விக்டோரியா தெரு அடுக்குமாடித் திட்ட எதிர்ப்பு என்பது, ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் கிங்ஸ் கிராஸ் பகுதியை ஒட்டியுள்ள விக்டோரியா தெருவின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வீடுகளை இடித்துவிட்டு, அவ்விடத்தில் மிக உயரமான குடியிருப்புக் கோபுரங்களை எழுப்பும் திட்டத்துக்கு எதிராக 1973ஆம் ஆண்டு தொடங்கிய குடியிருப்போர் போராட்டத்தைக் குறிக்கும். கட்டடத் தொழிலாளர் சங்கமொன்று குடியிருப்போரின் வேண்டுகோளை ஏற்று வேலை செய்ய மறுத்த "பசுமைத் தடை" நிகழ்வுகளுள் இது மிகவும் கடுமையானது. அடியாட்கள், ஆட்கடத்தல், பெருந்தொகையான கைதுகள், இன்றுவரை துலங்காத ஒரு கொலை ஆகிய அனைத்தும் ஒரே தெருவின் வரலாற்றில் இடம்பெற்றன. (இத்தெருவுக்கும் விக்டோரியா மாநிலத்துக்கும் தொடர்பில்லை. சிட்னி, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தலைநகராகும்.)

தெருவின் அமைப்பு

விக்டோரியா தெரு, டார்லிங்ஹர்ஸ்ட் பகுதியிலிருந்து வடக்கு நோக்கி கிங்ஸ் கிராஸ் வழியாக பாட்ஸ் பாயின்ட் வரை ஒரு மேட்டின் முகட்டிலேயே செல்கிறது. தெருவின் மேற்குப் பக்க வீடுகளின் கொல்லைப்புறம் ஏறத்தாழ ஒரு பாறைச் சரிவில் முடிகிறது. சரிவுக்குக் கீழே வுலுமுலூ என்னும் பழைய துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பு அமைந்துள்ளது. இரண்டையும் கற்படிக்கட்டுகள் இணைக்கின்றன. மேற்குப் பக்க வீடுகளின் பின்மாடத்தில் நின்றால் நகர மையமும் துறைமுகமும் ஒருசேரத் தெரியும். இத்தெருவுக்கு வந்த வினை இந்தக் காட்சியால்தான் வந்தது எனலாம்.

வீடுகள் பெரும்பாலும் பக்கச்சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்ட இரண்டு, மூன்று தள வீடுகள். வார்ப்பிரும்புப் பின்னல் வேலைப்பாடு கொண்ட மாடங்கள் இவற்றின் அடையாளமாகும். தெருவின் இருமருங்கிலும் பிளேன் மரங்கள் கவிந்து நின்றன. செல்வர்களுக்காகக் கட்டப்பட்ட இவ்வீடுகள், அவர்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தபின் அறை அறையாகப் பிரிக்கப்பட்டு வாடகைக்கு விடப்பட்டன. 1970களின் தொடக்கத்தில் இங்கு வாழ்ந்தவர்களுள் கப்பல் தொழிலாளர்கள், துறைமுகக் கூலிகள், ஓய்வூதியம் பெறும் முதியவர்கள், இசைக்கலைஞர்கள், ஓவியர்கள் ஆகியோர் இருந்தனர். மிகப் பெரும்பாலோர் வாடகைதாரர்கள். வீட்டு உரிமையாளர்கள் மிகச் சிலரே. இந்த வேறுபாடு பின்னர் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது.

உயரக் கட்டுப்பாடு தளர்ந்த காலம்

சிட்னியில் 1912ஆம் ஆண்டுச் சட்டம் கட்டடங்களின் உயரத்தை 150 அடியாக வரையறுத்திருந்தது. இது ஏறக்குறைய 46 மீட்டர். 1957இல் இவ்வரம்பு தளர்த்தப்பட்டது. 1962இல் துறைமுக முகப்பில் 26 தளங்கள் கொண்ட ஏ.எம்.பி. கட்டடம் எழுந்தது. அதனையடுத்து நகரின் உருவம் விரைவாக மாறியது. 1961இல் நியூ சவுத் வேல்ஸ் இயற்றிய அடுக்குமாடி உரிமைச் சட்டம் மற்றொரு திருப்பமாகும். அதற்கு முன் அடுக்குமாடியில் ஒரு வீட்டை மட்டும் தனி உரிமைப் பத்திரத்துடன் விற்பது சிக்கலானதாக இருந்தது. இச்சட்டத்துக்குப் பின், ஒரு நிலத்தின் மேல் எத்தனை தளங்கள் எழுப்பப்படுகின்றனவோ அத்தனை மடங்கு விற்பனைக்குரிய சொத்து உருவாயிற்று. பழைய வீட்டின் மதிப்பு அதன் சுவரில் அன்றி, அதன் மேலுள்ள வெற்று வானத்தில் இருப்பதாகக் கணக்கிடப்பட்டது.

அரசியல் சூழலும் இதற்குத் துணை நின்றது. 1965 முதல் 1975 தொடக்கம் வரை மாநில முதல்வராக இருந்த ராபர்ட் ஆஸ்கின், கட்டுமான முதலீட்டைப் பெரிதும் ஊக்குவித்தவர். அவருடைய அரசு 1967இல் சிட்னி மாநகர மன்றத்தைக் கலைத்து, 1969 வரை ஆணையர்களைக் கொண்டு நகரை நிர்வகித்தது. அக்காலச் சட்டத்தில் ஒரு கட்டுமானத் திட்டத்தை எதிர்த்து அண்டை வீட்டார் வழக்குத் தொடுக்க வழி ஏதும் இல்லாததற்கு ஒப்பான நிலையே இருந்தது. மரபுரிமைக் கட்டடங்களைக் காக்கும் மாநிலச் சட்டமும் இல்லை. தேசிய அறக்கட்டளை என்னும் தன்னார்வ அமைப்பு ஒரு கட்டடத்தைச் சிறப்புடையது என வகைப்படுத்தலாம். ஆனால் அந்த வகைப்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது.

திட்டம்

பிராங்க் தீமன் வியன்னாவிலிருந்து அகதியாக வந்து, ஆஸ்டி என்ற பெண்கள் உள்ளாடை நிறுவனத்தால் செல்வந்தரானவர். அந்நிறுவனத்தை விற்றபின் நிலத் தொழிலில் இறங்கிய அவர், விக்டோரியா தெருவின் மேற்குப் பக்கத்தில் வரிசையாக வீடுகளை வாங்கிச் சேர்த்தார். தொடக்கத் திட்டம் 45 தளங்கள் கொண்ட மூன்று குடியிருப்புக் கோபுரங்களை உள்ளடக்கியிருந்தது. இரண்டு மூன்று தள வீடுகள் நிற்கும் முகட்டின் மேல் இக்கோபுரங்கள் எழுந்திருந்தால், சரிவுக்குக் கீழிருந்த வுலுமுலூவும் அவற்றின் நிழலுக்குள் வந்திருக்கும்.

1973 ஏப்ரலில் வாடகைதாரர்களுக்கு வெளியேற்ற அறிவிப்புகள் வழங்கப்பட்டன. மிகக் குறுகிய காலத்தில் நூற்றுக்கணக்கானோர் வெளியேறினர். வயது முதிர்ந்தவர்களும் தனியாக வாழ்ந்தவர்களும் எதிர்க்க வகையறியாது முதலில் சென்றனர். எஞ்சியவர்கள் விக்டோரியா தெரு குடியிருப்போர் நடவடிக்கைக் குழுவை அமைத்தனர். குழு அமைந்த அதே மாதத்திலேயே அதன் முன்னணி உறுப்பினர் ஒருவர் கடத்தப்பட்டார். அடையாளம் தெரியாதோர் அவரை வாகனத்தில் ஏற்றிச்சென்று சில நாட்கள் அடைத்துவைத்தனர். திரும்பி வந்தவர் நடந்ததைப் பற்றி எதுவும் கூறாமல் குழுவிலிருந்து விலகி, தெருவையும் விட்டுச் சென்றார். பல ஆண்டுகள் கழித்தே அவர் இதுபற்றிப் பேசினார்.

பசுமைத் தடை

குடியிருப்போர் நாடியது கட்டடத் தொழிலாளர் கூட்டமைப்பின் நியூ சவுத் வேல்ஸ் கிளையை. அஸ்திவாரம் தோண்டுவோர், சாரம் கட்டுவோர், காங்கிரீட் இடுவோர், பாரந்தூக்கிக்குச் சைகை காட்டுவோர், பழைய கட்டடங்களை இடிப்போர் ஆகியோர் இச்சங்கத்தின் உறுப்பினர்கள். கைத்தொழில் பயிற்சிச் சான்றிதழ் அற்றவர்கள் என்று பிற சங்கங்களால் தாழ்வாகக் கருதப்பட்டவர்கள். ஆனால் உயர்மாடிக் கட்டுமானத்தில் முதலில் தேவைப்படுவோரும் இவர்களே. இவர்கள் கைகட்டி நின்றால் ஒரு செங்கல்லையும் பெயர்க்க முடியாது.

ஜாக் மண்டி (செயலாளர், 1968–1973), பாப் பிரிங்கிள் (தலைவர்), மண்டிக்குப் பின் செயலாளரான ஜோ ஓவன்ஸ் ஆகிய மூவரும் அக்காலத்தில் கிளையை வழிநடத்தினர். மண்டி ஆஸ்திரேலியப் பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்தவர். தலைவர்கள் நீண்டகாலம் பதவியில் நீடிக்கக் கூடாது என்று சங்கம் வகுத்த விதிக்கு இணங்க அவரே 1973இல் பதவி விலகித் தொழிலாளியாகத் திரும்பினார். தொழிலாளியின் உழைப்பு எதற்குப் பயன்படுகிறது என்பதில் அவனுக்கும் ஒரு சொல் இருக்க வேண்டும் என்பது இவர்களது நிலைப்பாடு.

முதல் பசுமைத் தடை 1971இல் ஹண்டர்ஸ் ஹில் என்னும் வசதி படைத்தோர் புறநகரில், கெல்லிஸ் புஷ் என்ற கரையோரப் புதர்க்காட்டைக் காக்க விதிக்கப்பட்டது. பதின்மூன்று பெண்கள் கொண்ட குழு ஒன்று, எல்லாக் கதவுகளையும் தட்டிப் பார்த்தபின் தொழிற்சங்கத்தை நாடியது. சங்கத்தில் சேராத ஆட்களைக் கொண்டு கட்டப்போவதாகக் கட்டுமான நிறுவனம் அறிவித்தபோது, அதே நிறுவனத்தின் வேறொரு கட்டடத்தில் பணிபுரிந்த தொழிலாளர்கள், கெல்லிஸ் புஷ்ஷில் ஒரு மரம் விழுந்தாலும் தாங்கள் கட்டிவரும் கட்டடம் என்றென்றும் பாதியிலேயே நிற்கும் எனத் தீர்மானம் நிறைவேற்றினர். நிறுவனம் பின்வாங்கியது. அதே ஆண்டில், சிட்னியின் மிகப் பழைய குடியேற்றப் பகுதியான தி ராக்ஸ் பகுதிக்கும் தடை நீட்டிக்கப்பட்டது. அங்கு உயர்மாடித் தொகுதிகள் திட்டமிடப்பட்டிருந்தன.

தடை விதிப்பதில் சங்கம் ஒரு நெறியைக் கடைப்பிடித்தது. தானாக எந்தத் திட்டத்தையும் அது தடுப்பதில்லை. அப்பகுதி மக்கள் பொதுக்கூட்டம் நடத்தி, பெரும்பான்மை ஆதரவுடன் வேண்டுகோள் விடுக்க வேண்டும். எனவே, சில தொழிலாளர் தலைவர்கள் நகரத் திட்டத்தையே கைப்பற்றிவிட்டனர் என்று அரசு கூறிய குற்றச்சாட்டு முழுமையானதல்ல. எனினும், தேர்தலில் வாக்குப் பெறாத ஒரு சங்கம் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று முடிவு செய்வது முறையா என்ற வினா அன்றும் நேர்மையாக எழுப்பப்பட்டது. அதற்குக் குடியிருப்போர் அளித்த விடை எளியது: முறையான வழி என ஒன்று தங்களுக்குத் தரப்படவே இல்லை.

தடையின் வலிமை வட்டியில் இருந்தது. கட்டுமான நிறுவனங்கள் பெரும்பாலும் கடன் பெற்றே நிலம் வாங்குகின்றன. வேலை நடந்தால் வீடுகள் விற்று கடன் அடையும். வேலை நின்றாலோ வருமானம் ஏதுமின்றி வட்டி மட்டும் நாள்தோறும் ஏறும். ஆதலால் சங்கம் வெற்றி பெறத் திட்டத்தை முறியடிக்க வேண்டியதில்லை, காலந்தாழ்த்தினாலே போதும். வெறுமையான வீடுகளை வைத்துக்கொண்டு தீமன் ஒவ்வொரு நாளும் பணம் இழந்தார். இந்தக் கணக்கே, விக்டோரியா தெருவில் வன்முறை தலையெடுத்ததற்கும் காரணமாயிற்று.

முற்றுகையும் வெளியேற்றமும்

மிக் பவுலர் ஒரு கப்பல் தொழிலாளி, ஜாஸ் இசைக்கலைஞரும்கூட. 1973இல் கடற்பயணத்திலிருந்து திரும்பியபோது தம் வீடு பூட்டப்பட்டிருப்பதைக் கண்டார். கப்பல் தொழிலாளர் சங்கத் தோழர்களின் துணையுடன் மீண்டும் உள்ளே நுழைந்து அங்கேயே வாழத் தொடங்கினார். அண்டை வீடுகள் வெறிச்சோடிக் கிடக்க, நிறுவனத்தின் காவலாட்கள் சூழ்ந்திருக்க, வழக்குகளை எதிர்கொண்டபடி 1976 வரை அவ்வீட்டை விடாது பற்றியிருந்தார். 1979இல் காலமானார்.

காலியான வீடுகள் சிதைக்கப்படாமல் காப்பதற்காக, 1973இன் நடுப்பகுதி முதல் ஆதரவாளர்கள் அவற்றில் குடியேறினர். 1974 சனவரி 3ஆம் நாள், முன்னாள் துப்பறியும் காவலர் ஒருவரின் தலைமையில் நிறுவனத்தின் ஆட்கள் கடப்பாறைகளுடனும் சம்மட்டிகளுடனும் கதவுகளை உடைத்து உள்ளே புகுந்தனர். பெருந்தொகையான காவல்துறையினர் தெருவை அடைத்து நின்றனர். குடியேறியிருந்தவர்கள் வெளியே இழுத்துவரப்பட்டனர். 40க்கும் மேற்பட்டோர் கைதாயினர். உடைத்தவர்களைக் காவல்துறை தடுக்கவில்லை.

இருப்பினும் கோபுரங்கள் எழவில்லை. குடியிருந்தவர்களை வெளியேற்றியபின்னும், கட்டுவதற்குத் தொழிலாளர் வேண்டுமல்லவா? தடை அப்படியே நின்றது. அதை உடைத்தது காவல்துறை அன்று, சங்கத்தின் சொந்த மத்தியத் தலைமை. மெல்போர்னைத் தளமாகக் கொண்ட மத்தியச் செயலாளர் நார்ம் கேலகர், 1974 இறுதியில் நியூ சவுத் வேல்ஸ் கிளையைக் கைப்பற்ற முனைந்தார். மத்தியத் தலைமையின் உறுப்பினர் அட்டை இல்லாதோருக்குக் கட்டுமான முதலாளிகள் வேலை மறுத்தனர். 1975 மார்ச் மாதத்தில் கிளையின் பழைய தலைமை பணிந்தது. மண்டி, ஓவன்ஸ், பிரிங்கிள் ஆகியோர் சங்கத்திலிருந்து விலக்கப்பட்டனர். விக்டோரியா தெருத் தடையும் நீக்கப்பட்டது.

ஜுவானிட்டா நீல்சன்

இந்நிலையில் போராட்டத்தைத் தாங்கியவர் ஜுவானிட்டா நீல்சன். மார்க் பாய்ஸ் என்னும் பெரும் அங்காடியின் குடும்பத்தில் 1937இல் பிறந்த இவர், விக்டோரியா தெரு 202ஆம் எண் வீட்டில் வாழ்ந்து, "நவ்" என்ற உள்ளூர்ச் செய்தித்தாளை நடத்தினார். கடை விளம்பரங்களையே பெரிதும் நம்பியிருந்த இத்தாள், படிப்படியாகத் திட்டத்தின் உரத்த எதிர்ப்பாளராக மாறியது. கட்டடத் தொழிலாளர் தடை நீங்கியபின், நீர் வழங்கல் மற்றும் கழிவுநீர்த் தொழிலாளர் சங்கத்தை அணுகி, புதிய கட்டடங்களுக்கு இணைப்பு வேலை செய்வதில்லை என்ற தடையைப் பெறுவதில் இவர் பங்காற்றினார். குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் இல்லாத அடுக்குமாடி வீட்டை யாரும் வாங்கார். எண்ணிக்கையில் சிறிய ஒரு சங்கம், சரியான இடத்தில் நின்றால் போதும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

1975 சூலை 4ஆம் நாள் காலை, விளம்பரம் தொடர்பான சந்திப்புக்காக கிங்ஸ் கிராஸில் உள்ள கரோசல் இரவு விடுதிக்குச் சென்ற நீல்சன், அதன்பின் காணப்படவில்லை. அவருக்கு அப்போது 38 வயது. அவரைக் கடத்தச் சதி செய்ததாகப் பின்னர் மூவர் மீது வழக்குத் தொடுக்கப்பட்டு, இருவர் தண்டிக்கப்பட்டனர். கொலைக்காக எவர் மீதும் வழக்கு இல்லை. 1983ஆம் ஆண்டு மரண விசாரணையில் நடுவர் குழு, அவர் 1975 சூலை 4 அன்றோ அதனையடுத்தோ இறந்தார் என்றும், யார் எவ்வாறு கொன்றனர் என்பதைக் கூறப் போதிய சான்றில்லை என்றும் முடிவு செய்தது. காவல்துறை ஊழல் புலனாய்வை முடக்கியிருக்கலாம் என்பதற்குச் சான்று உள்ளதாகவும் குழு குறிப்பிட்டது. தீமன் தமக்கு இதில் தொடர்பில்லை என மறுத்தார். அவர் மீது குற்றம் ஏதும் சாட்டப்படவில்லை என்பதையும் இங்கு சேர்த்துக் கூறுதல் வேண்டும். உடலைக் கண்டெடுக்க உதவும் தகவலுக்கு 2021இல் நியூ சவுத் வேல்ஸ் காவல்துறை 10 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் வெகுமதி அறிவித்தது.

இந்நிகழ்வுகளைத் தழுவி 1981, 1982ஆம் ஆண்டுகளில் இரு திரைப்படங்கள் வெளிவந்தன: "த கில்லிங் ஆஃப் ஏஞ்சல் ஸ்ட்ரீட்", பிலிப் நாய்ஸ் இயக்கிய "ஹீட்வேவ்".

விளைவுகள்

45 தளக் கோபுரங்கள் கட்டப்படவே இல்லை. தெருவின் பழைய வீடுகளுள் பல தப்பின. சில இடங்களில் முகப்பை மட்டும் நிறுத்திக்கொண்டு பின்புறம் புதிய குடியிருப்புகள் எழுப்பப்பட்டன. பிளேன் மரங்களும் எஞ்சின. ஆனால் வெளியேற்றப்பட்ட வாடகைதாரர்களில் பெரும்பாலோர் திரும்பி வரவில்லை. காக்கப்பட்ட வீடுகள் விலை உயர்ந்து, அவர்கள் எட்ட முடியாதவை ஆயின. கட்டடத்தைக் காப்பதும் அதில் வாழ்பவரைக் காப்பதும் ஒன்றல்ல என்பதைப் போராட்டக் குழுவினர் தொடக்கத்திலேயே அறிந்திருந்தனர். குறைந்த வருமானத்தோர்க்கான வீடுகள் அவர்களது கோரிக்கையின் ஒரு பகுதியாகவே இருந்தன. அந்தப் பகுதி இங்கு நிறைவேறவில்லை.

சரிவுக்குக் கீழே நிலைமை வேறு. கஃப் விட்லம் தலைமையிலான நடுவண் அரசின் நகர வளர்ச்சி அமைச்சர் டாம் யூரன் முன்னின்று, 1975இல் நடுவண் அரசு, மாநில அரசு, மாநகர மன்றம் மூன்றும் ஓர் ஒப்பந்தம் செய்தன. அதன்படி வுலுமுலூவில் உயர்மாடித் திட்டம் கைவிடப்பட்டு, பழைய வீடுகள் செப்பனிடப்பட்டு, பெருமளவில் அரசு வாடகை வீடுகள் அமைந்தன. அங்குள்ள சமூக மையத்துக்கு நீல்சனின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. பசுமைத் தடைகளின் பயன் நில உடைமையாளருக்கே சென்றது என வாதிடுவோர், ஒரே மேட்டின் மேலும் கீழும் நிகழ்ந்த இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ள வேண்டும். பொது நிதி வந்த இடத்தில் மக்கள் எஞ்சினர். வராத இடத்தில் சுவர்கள் மட்டும் எஞ்சின.

சட்டங்களும் மாறின. நியூ சவுத் வேல்ஸில் மரபுரிமைச் சட்டம் 1977இலும், சுற்றுச்சூழல் திட்டமிடல் சட்டம் 1979இலும் நிறைவேறின. பின்னதன்படி திட்டங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தல் வேண்டும். சட்டமீறலை எதிர்த்து எவரும் வழக்குத் தொடுக்கலாம். இதற்கெனத் தனி நீதிமன்றமும் 1980இல் செயற்படத் தொடங்கியது. செருமானியப் பசுமைக் கட்சியின் நிறுவனர்களுள் ஒருவரான பெட்ரா கெல்லி, "பசுமை" என்னும் அரசியற் சொல்லை சிட்னியின் இத்தடைகளிலிருந்தே பெற்றார் என்றும் கூறப்படுவதுண்டு.

நீல்சனின் 202ஆம் எண் வீடு மாநில மரபுரிமைப் பட்டியலில் உள்ளது.

பிற்கால நிகழ்வுகள்

தி ராக்ஸ் பகுதியில் தடையின் விளைவாக, அங்கு வாழ்ந்த எளியவர்கள் இடம்பெயராதிருக்க 79 வீடுகள் கொண்ட சிரியஸ் என்னும் காங்கிரீட் அடுக்குமாடியை மாநில அரசே கட்டி 1980இல் முடித்தது. அடுக்குமாடியை எதிர்த்த போராட்டத்தின் பயனாக ஓர் அடுக்குமாடி எழுந்தது வியப்பாகத் தோன்றலாம். யாருக்காகக் கட்டப்படுகிறது என்பதே அங்கு வினாவாக இருந்தது. 2014இல் மாநில அரசு அப்பகுதியிலுள்ள தன் வாடகை வீடுகளை விற்கப்போவதாக அறிவித்தது. 2016இல் சிரியஸ் கட்டடத்துக்கு மரபுரிமைத் தகுதி மறுக்கப்பட்டபோது கட்டடத் தொழிலாளர் சங்கம் அதன் இடிப்புக்கு எதிராக மீண்டும் ஒரு பசுமைத் தடையை விதித்தது. முதுமையிலும் ஜாக் மண்டி அதற்கு ஆதரவாகப் பேசினார். கடைசிக் குடியிருப்பாளர் 2018இல் வெளியேறினார். 2019இல் கட்டடம் 15 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குத் தனியாருக்கு விற்கப்பட்டது. அது இடிக்கப்படவில்லை, உயர் விலைக் குடியிருப்புகளாக மாற்றியமைக்கப்பட்டது. மண்டி 2020 மே மாதம் தமது 90ஆம் வயதில் காலமானார்.